தூண் இருந்த இடம்

பன்னிரண்டு சதவீதம். இன்னும் பன்னிரண்டுதான். இந்த ஸ்கேனர் ஒரு கண்ணாடி நெகட்டிவை ஓரம் முதல் ஓரம் வரை வாசித்து முடிக்க இருபத்திரண்டு நிமிஷம் ஆகும், அதை விரட்ட முடியாது, மூடியைத் திறக்கக் கூடாது, மேஜையில் முழங்கை ஊன்றக் கூடாது, ஊன்றினால் படத்தில் கோடு விழும், அதனால் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கை என்னவோ மடியில் இருக்க மாட்டேன் என்கிறது. ஒரு தடவை தாலிச் செயினைப் பிடித்து இழுக்கிறது, ஒரு தடவை பேனா மூடியைக் கழற்றி மாட்டுகிறது. கதவுக்கு வெளியே ரோஸ்லின் அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கிறார். அவருக்கு டீ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஸ்கேன் முடியட்டும் அக்கா, கூப்பிடுதேன்" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிக் கதவைச் சாத்தினேன், சாத்தின பிறகு தாழ்ப்பாளும் போட்டேன், இந்த அறைக்கு மூன்று வருஷத்தில் நான் தாழ்ப்பாள் போட்டதே இல்லை. திருட வந்தவள் மாதிரி என் வேலை அறையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். பதின்மூன்று. ஏசி பதினெட்டில் ஓடுகிறது, கழுத்துக்குப் பின்னால் வேர்க்கிறது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள், மடியில் இருப்பது என் கைகள் மட்டும்தான், அந்தக் கைகள்தான் கனம், செவ்வாய்க்கிழமை காலையில் இந்தக் கைகள்தான் அதைத் துடைத்தன.

மண் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் மண் என்றுதான் நினைத்திருப்பார்கள். நினைத்திருப்பார்களா? ஆசீர்வாதம் ஸ்டூடியோவின் நெகட்டிவ் பெட்டிகள் தேரிக்காட்டுப் பக்கத்து ஊரில் ஒரு ஓட்டுச் சாய்ப்பில் நாற்பது வருஷம் கிடந்தவை, காற்றடித்தால் அந்த ஊரில் சோற்றுக்குள்ளும் செம்மண் இருக்கும், இங்கே பாளையங்கோட்டைக் காப்பகத்துக்கு லாரியில் வந்து இறங்கியபோது பெட்டியைத் தூக்கியவர்கள் சட்டையெல்லாம் சிவப்பு. ஆயிரத்து நூற்று எட்டு பிளேட். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் படம் ஒட்டியிருக்கும் பக்கம், அதில் காற்று மட்டும்தான் ஊதலாம், மறுபக்கம் வெறும் கண்ணாடி, அதைப் பஞ்சில் தண்ணீரும் ஸ்பிரிட்டும் தொட்டுத் துடைக்கலாம். துடைப்பதற்கு முன்னால் இருக்கிற இருப்பிலேயே ஒரு ஸ்கேன், அது முன் படம். துடைத்த பிறகு ஒரு ஸ்கேன், அது பின் படம். பதிவேட்டில் இரண்டுக்கும் இரண்டு கட்டம், இரண்டிலும் டிக் போட வேண்டும். இதில் என்ன கஷ்டம், சின்னப் பிள்ளைகூடச் செய்யும். ஆனால் சனிக்கிழமை திறப்பு விழா, முன் மண்டபத்தில் ஏழடித் தொடுதிரை மாட்டியாகிவிட்டது, நூறு படம் தயாராக இருக்க வேண்டும், போன வாரம் கரண்ட் இரண்டு நாள் சதி செய்தது, அதனால் வெறும் செம்மண் படிந்த பிளேட்டுகளுக்கு மட்டும் முன் படத்தை விட்டுவிட்டேன். மண்ணை யார் பார்க்கப் போகிறார்கள், மண்ணுக்கு என்ன சரித்திரம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நாற்பத்து மூன்று பிளேட். நாற்பத்து மூன்றுக்கும் கட்டத்தில் டிக் போட்டேன். விட்டது ஒரு தப்பு, டிக் போட்டது இன்னொரு தப்பு, முதலாவதை அவசரம் என்று சொல்லலாம், இரண்டாவதற்கு என்ன பெயர் சொல்வது, பொய் என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்தொன்பது. அந்தச் சிவப்பு மட்டும் வேறு மாதிரி வந்தது. இப்போது நினைத்தால் வேறு மாதிரித்தான் வந்தது. மண் என்றால் பஞ்சில் நறநற என்று இருக்கும், பல் கூசும், இரண்டு பஞ்சு மாற்ற வேண்டிவரும். இது கருப்பட்டிப் பாகு மாதிரி வழவழவென்று கரைந்து ஒரே இழுப்பில் வந்தது, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பரவாயில்லையே, சமர்த்தாக வருகிறதே என்று. மேலே மண்தான், அது உண்மை, கீழே இருந்தது மண் இல்லை. பழைய ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் வேண்டாததை மறைக்க ஒரு சிவப்பு மை வைத்திருந்தார்கள், அதைக் கண்ணாடியில் பூசினால் அந்த இடத்தில் வெளிச்சம் போகாது, அச்சில் அந்த இடம் வெள்ளையாக வரும். எனக்குத் தெரியாததா? பாஸ்போர்ட் சைஸ் தலைகளைச் சுற்றி அந்த மையை எத்தனை பிளேட்டில் பார்த்திருக்கிறேன், அதையெல்லாம் துடைக்காமல் பத்திரமாக விட்டிருக்கிறேன். ஆனால் கல்யாணக் கூட்டத்தின் நடுவில் ஒரு ஆள் உயரத்துக்கு அதைப் பூசுவார்கள் என்று யார் கண்டது? அதன் மேல் தேரி மண்ணும் அதே நிறத்தில் அப்பியிருந்தால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? தெரிந்திருக்கும். விளக்கு மேஜையில் இரண்டு நிமிஷம் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், மண் சிதறிக் கிடக்கும், மைக்கு ஓரம் இருக்கும். நான் பார்க்கவில்லை. ஒன்பது வருஷம் கல்யாண ஆல்பம் போட்டவள் நான், மணப்பெண் முகத்துப் பருவைத் துடைத்தேன், மாப்பிள்ளை பல்லை வெளுப்பாக்கினேன், பந்தியில் வாய் பிளந்து கொட்டாவி விட்ட மாமாவைப் பூச்சட்டியால் மறைத்தேன், ஒரு தடவை சண்டை போட்டுக்கொண்டுபோன மைத்துனன் ஒருவனை முப்பத்தாறு படத்திலிருந்தும் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன், அரை நாளில் முடித்தேன், அவன் நின்ற இடத்தில் திரைச்சீலையை நீட்டினேன், அவனுக்கு அது தெரியுமோ என்னவோ. துடைப்பது என் கைக்குப் பழகிப்போன வேலை. பழகின கை யோசிக்காது.

இன்றைக்குப் பத்தரை மணிக்கு ரோஸ்லின் அக்கா துணிப்பையிலிருந்து அந்த அச்சுப் படத்தை எடுத்து நீட்டுகிற வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குரல் இன்னும் எக்ஸ்சேஞ்ச் குரல்தான், சுருக்கமாக, சத்தமாக, எதிராளி பேசி முடிக்கக் காத்திருக்கிற குரல். இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்து சித்தப்பா கல்யாணம், அறுபத்திரண்டாம் வருஷம், ஆசீர்வாதம் ஸ்டூடியோ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிளேட் கிடைத்தது, எண் நானூற்றுப் பதினேழு, வரச் சொன்னேன். "மேடம்" என்றேன், "அக்கான்னு சொல்லு, மேடம்னா எனக்கு மேலதிகாரி ஞாபகம் வருது" என்றார். சிரித்தோம். அப்புறம் அந்தப் படத்தை மேஜையில் வைத்தார், கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருந்த படம், ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, ஓலைப் பந்தலின் கீழ் பொண்ணும் மாப்பிள்ளையும் நாற்காலியில், பின்னால் இரண்டு வரிசை ஜனம். மாப்பிள்ளைக்குப் பின்னால், இடது பக்கம், ஒரு வெள்ளைத் தூண். பருமனான தூண், தூரிகையால் இரண்டு கோடு இழுத்து உருட்டுப் போலக் காட்டியிருக்கிறது. மூங்கில் பந்தலுக்கு நடுவில் சர்ச்சுத் தூண். நான் கழுவிய பிளேட்டில் தூண் இல்லை, அந்த இடத்தில் ஒரு பொம்பளை நிற்கிறாள்.

"இதுல பதினேழு பேரு இருக்காவ" என்றார் அக்கா. "எல்லார் பேரும் சொல்லுவேன். எங்க அம்மா மட்டும் கிடையாது." பெற்று நாற்பது நாளில் பிள்ளையைப் போட்டுவிட்டு, கொழுந்தன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஓடிப்போனவள் என்று சொல்லித்தான் அவரை வளர்த்திருக்கிறார்கள். அம்மா படம் என்று அந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. "ஓடிப்போனவளுக்குப் படம் என்னத்துக்குன்னு எங்க சித்தப்பா சொல்லுவாவ. ஒருவேளை கூட்டத்துல ஓரத்துலயாவது நிக்காளான்னு பாக்கத்தான் வந்தேன். அச்சுல வெட்டியிருப்பாவ, நெகட்டிவ்ல இருக்கும்லா. நெகட்டிவ்ல யாரும் கை வைக்க முடியாதுல்லா?" நான் "முடியாது" என்றேன். சொல்லிவிட்டேன், அந்த வாயைத் தைத்தால் என்ன. அவர் இன்றைக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்தச் சித்தப்பா, மாப்பிள்ளைக் கோலத்தில் நாற்காலியில் இருக்கிறவர்தான், இப்போது எண்பத்தேழு வயது, நல்ல திடம், சனிக்கிழமை விழாவுக்கு முன் வரிசையில் உட்காரப் போகிறவர், அவர் சொன்னாராம், "போயி என்னத்தப் பாக்கப் போற, இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல எவளை வேணும்னாலும் எங்க வேணும்னாலும் ஒட்டலாம்" என்று. எதற்கு முந்திக்கொண்டு அதைச் சொன்னார்? யாரும் ஒன்றும் கேட்காமலே எதற்கு?

முப்பத்தாறு. முப்பத்தேழு. ஸ்கேனருக்குள் வெளிச்சம் நகரும் சத்தம், மாவு மில் தூரத்தில் ஓடுகிற மாதிரி. அந்த வெளிச்சம் இப்போது எந்த முகத்தின் மேல் போய்க்கொண்டிருக்கும்? இதை நான் யாருக்கும் சொல்லவில்லை என்றால் என்ன ஆகும், நிதானமாக யோசிப்போம். ஒன்றும் ஆகாது. பிளேட்டில் ஒரு பெண் நிற்கிறாள், நின்றபடி இருக்கிறாள், அவ்வளவுதான், அக்காவுக்கு அம்மா கிடைத்தாள், சந்தோஷமாகப் போவார், எனக்கு ஒரு கிலோ மஸ்கோத் அல்வா வாங்கி வந்தாலும் வருவார். மாச முடிவில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், காப்பகப் பொறுப்பாளர் பாக்கியநாதன் சார் கையெழுத்துப் போடுவார், இந்தக் குளிர்ந்த அறையும் இந்த விளக்கு மேஜையும் இன்னொரு வருஷத்துக்கு எனக்கு இருக்கும். சொன்னால்? என்னோடு இங்கே வேலை பார்த்த ஸ்டீபனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியும். ஒரு பிளேட் கை தவறி மூலையில் விரிசல் விட்டது, அவனாகவே போய்ச் சொன்னான், அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவன் இப்போது ஜெராக்ஸ் கடையில் நிற்கிறான், என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறான். அவனுக்கு விரிசல் மட்டும்தான், எனக்குப் பொய் டிக் நாற்பத்து மூன்று. எனக்கு இந்த வேலை பிடிக்கும் என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். யாரோ செத்துப்போனவர்கள் ஒவ்வொருவராக விளக்கு மேஜையில் கறுப்பும் வெள்ளையும் மாறி வருவார்கள், கறுத்த பல், வெளுத்த கண்மணி, நான் ஒரு பொத்தானை அமுக்கினால் மனுஷராகத் திரும்புவார்கள். பத்து விரலிலும் பயம் இருக்கிற வேலை. அதை விட்டுவிட்டு மறுபடி பருத் துடைக்கப் போக முடியுமா?

கதவு தட்டுகிற சத்தம். எழுந்தபோது நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் முட்டியது, நல்லவேளை மேஜையில் படவில்லை. பாக்கியநாதன் சார்தான்.

"என்ன இசக்கி, தாழ்ப்பாளெல்லாம் போட்டிருக்க?"

"வெளிச்சம் வருது சார்."

"சரி சரி." மேஜையில் இருந்த அக்காவின் அச்சுப் படத்தை எட்டிப் பார்த்தார். "இதானே அந்தக் கல்யாணப் படம்? நல்ல கூட்டம், பந்தல், நகைநட்டு எல்லாம் தெளிவா இருக்கு. பெரிய திரைக்கு இதைத்தான் முதல்ல வைக்கணும். முன் படம் ஒரு பக்கம், பின் படம் ஒரு பக்கம் போட்டு, விரலால தள்ளினா மண்ணெல்லாம் போயி முகம் வாற மாதிரி செஞ்சுரு. சனங்களுக்கு அப்பதான் நம்ம என்ன செய்யுதோம்னு புரியும்."

"முன் படம்..."

"எடுத்திருக்கல்லா? டிக் பாத்தனே."

"ஆமா சார்."

"சாயங்காலத்துக்குள்ள குடுத்துரு. பொடிப்பொடியா நொறுங்குத கண்ணாடியை இனிமே ஒருத்தரும் தொட வேண்டாம், திரையைத் தொடட்டும்" என்று, மேடையில் பேசப் போவதை இப்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். கதவு சாத்துகிற இடைவெளியில் அக்காவின் செருப்பு தெரிந்தது, ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அவரும் என்னைப் போலத்தான்.

ஆமா சார். ஐந்தெழுத்துக்கூட இல்லாத பொய். ஐம்பத்தெட்டு. இப்போது முன் படம் ஒன்று வேண்டும், இல்லாத முன் படம். செய்யலாம். ஐயோ, செய்யலாம் என்பதுதான் கொடுமை. பின் படத்தை எடுத்து அந்த இடத்தில் செம்பழுப்பாக ஒரு பூச்சுப் பூசினால் போதும், அக்காவின் அச்சுப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூணின் ஓரத்தை அப்படியே கண்டெடுக்கலாம், மேலே கொஞ்சம் தேரி மண்ணைத் தூவலாம், அதற்கு மண்ணுள்ள பிளேட் எத்தனையோ இருக்கிறது, தேதியைச் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளலாம், பத்து நிமிஷ வேலை, என்னை மாதிரி ஒருத்திக்கு எட்டு நிமிஷம். அது பொய்யா? அங்கே மை இருந்தது உண்மை. நான் அதைக் கண்ணால் பார்த்தது உண்மை. உண்மையாக இருந்ததைத்தானே மறுபடி வரைகிறேன்? ஒருத்தன் அறுபது வருஷத்துக்கு முன்னால் அவளை மறைத்தான், இப்போது நான் அவளைக் காட்டுவதற்காக மறுபடி ஒரு தடவை மறைக்கிறேன், என் கையால், ஓரம் பிசகாமல். சே. என்ன புத்தி இது. ஆனால் யோசித்துப் பார், எல்லோருக்கும் நல்லதுதானே, சாருக்குப் படம், அக்காவுக்கு அம்மா, எனக்கு வேலை. சித்தப்பா முன் வரிசையில் உட்கார்ந்து என்ன சொல்வார்? கம்ப்யூட்டரில் ஒட்டியது என்பார். அப்போது யாராவது கெட்டிக்காரன், இந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறான், அந்த முன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஆமாம் இது கம்ப்யூட்டரில் செய்தது என்பான். அவன் சொல்வது சரியாகவும் இருக்கும். அத்தோடு முடிந்தது. என் பொய்யான மையோடு சேர்த்து அவளுடைய நிஜமான முகத்தையும் ஒட்டுப்படம் என்று தள்ளிவிடுவார்கள், ரோஸ்லின் அக்கா மறுபடி ஓடிப்போனவள் மகளாக வீட்டுக்குப் போவார், இந்தத் தடவை ஊரே பார்க்க. சரி, முன் படமே இல்லை, பிளேட்டிலேயே இப்படித்தான் இருந்தது என்று சொன்னால்? அப்போது அச்சில் தூண் எப்படி வந்தது என்பார்கள். அச்சில் தூண், பிளேட்டில் பெண், நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறேன், ஏனென்றால் நடுவில் இருந்ததைத் துடைத்துப் போட்டவள் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் அவர்கள், அந்தச் சோற்றைக் கொட்டிவிட்டுத் தட்டையும் கழுவி வைத்திருக்கிறேன்.

எழுபத்தொன்று. என் பெயர் வேறு இசக்கியம்மாள். பொய் சொன்னால் இசக்கி அம்மன் கண்ணைப் பிடுங்கிவிடுவாள் என்று சின்ன வயதில் என்னை வைத்தே மற்ற பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள், நான் பெருமையாக நிற்பேன். அந்தப் பெருமை ஞாபகம் வருகிறது, கன்னத்தில் திருநீறு, கையில் புளியங்காய். இந்தப் பெண்ணுக்கு என்ன வயது இருக்கும், நெகட்டிவில் வயது தெரியாது, கறுத்த முகத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி, நெற்றி அகலம், ஒரு புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. ரோஸ்லின் அக்காவுக்கும் அப்படித்தான். பத்தரை மணிக்கு அதைக் கவனிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி. யாரோ ஒரு சொந்தக்காரி என்று விட்டிருப்பேன். கவனித்துவிட்டேன். எழுபத்து நான்கு. எனக்கு எரிச்சலாக வருகிறது, அந்தத் தூண் வரைந்தவன் மேல், அவ்வளவு அழகாக உருட்டுக் காட்டியிருக்கிறான், கூலிக்குச் செய்திருப்பான், வீட்டுக்காரர்கள் வந்து நின்று இவளை எடுத்துவிடு என்றிருப்பார்கள், சரி ஐயா என்றிருப்பான், என்னைப் போல. சண்டை போட்டுப் போன அந்த மைத்துனன் முகம் இப்போது ஞாபகம் வர மாட்டேன் என்கிறது, முப்பத்தாறு படத்தில் பார்த்த முகம். திரைச்சீலையின் நிறம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, ரோஸ். எண்பத்தொன்று. பிளேட்டை இன்று மாலை நான்கு மடிப்பு உறையில் போட்டு இருட்டு அறைக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கப் போவதில்லை, திரையில் இருப்பதுதான் படம், பதிவேட்டில் இருப்பதுதான் அதன் கதை. நான் டிக் போட்டால் அது நடந்தது, போடாவிட்டால் நடக்கவில்லை. அவ்வளவு பெரிய அதிகாரத்தை என்னிடம் எவன் கொடுத்தான்? எண்பத்தாறு. தண்ணீர் குடிக்க வேண்டும். பாட்டில் வெளியே இருக்கிறது, அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில். குடிக்க வேண்டாம். தொண்ணூறு. பயமாக இருக்கிறது, வேறு ஒன்றுமில்லை, பயம். தொண்ணூற்று மூன்றில் கொஞ்ச நேரம் நின்றது, எப்போதும் அங்கே நிற்கும், நின்றுவிட்டால் தேவலை என்று இருந்தது, ஒரு தடவை இந்த மிஷின் பழுதாகி நிற்கட்டும், பழுது பார்க்கத் திருச்சியிலிருந்து ஆள் வர மூன்று நாள் ஆகும். நிற்கவில்லை. நூறு.

கதவைத் திறந்தேன். "வாங்க அக்கா" என்றேன். அக்கா செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார், கழற்றத் தேவையில்லை, சொல்லத் தோன்றவில்லை. திரையில் படத்தைத் திருப்பிப் போட்டேன், கறுப்பு வெள்ளையானது, வெள்ளை கறுப்பானது, எல்லோரும் மனுஷரானார்கள். அக்கா முதலில் தூணைத்தான் தேடினார். விரல் அந்த இடத்துக்குப் போய் நின்றது. நான் பெரிதாக்கினேன். அந்த முகம் திரை முழுக்க வந்தது, இருபது வயதுகூட இருக்காது, எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, அகல நெற்றி, ஏறிய புருவம், காமிராவைப் பார்க்காமல் எங்கேயோ கீழே பார்க்கிறாள். ரோஸ்லின் அக்கா சேலைத் தலைப்பை எடுத்துக் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

"இது தூண் இருந்த இடம்லா" என்றார்.

"ஆமா அக்கா."

"அப்ப தூணு?"

இதுதான் இடம் என்று தெரிந்தது. "கண்ணாடியில சிவப்பு மை பூசி மறைச்சிருந்தாவ. நான் செவ்வாக்கிழமை மண்ணுன்னு நெனச்சுத் துடைச்சிட்டேன். துடைக்கதுக்கு முன்னால ஒரு படம் எடுத்திருக்கணும், எடுக்கல. எடுத்ததா எழுதி வச்சிருக்கேன். இவங்க பிளேட்டுல இருந்தது நிஜம் அக்கா, மறைச்சிருந்ததும் நிஜம். ஆனா மறைச்சிருந்ததுக்கு இப்ப அத்தாட்சி ஒண்ணும் இல்ல, நான் சொன்னாத்தான் உண்டு. சாருகிட்ட நான் இன்னும் சொல்லல. நீங்க கேட்டப்ப நெகட்டிவ்ல யாரும் கை வைக்க முடியாதுன்னு சொன்னேன், அதுவும் பொய்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், கண்ணில் நீர் வந்துவிட்டது, எனக்காகத்தான் வந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். அல்லது கையைப் பிடித்துக்கொள்வார் என்று. இரண்டும் இல்லை. அவர் காதில் நான் பேசியதில் பாதிதான் விழுந்திருக்கும். "கொஞ்சம் கீழ இறக்கு" என்றார். இறக்கினேன். முகத்துக்குக் கீழே தோள், தோளில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று. துணி இல்லை. துணியிலிருந்து ஒரு சின்ன முஷ்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதற்கு மேலே வெளிறிய கலங்கலாக ஒரு உருண்டை, காமிரா திறந்திருந்த நேரத்தில் அசைந்துவிட்ட தலை. இதை நான் செவ்வாய்க்கிழமையும் பார்க்கவில்லை, இன்றைக்கு விளக்கு மேஜையிலும் பார்க்கவில்லை. அக்கா நாற்காலியைத் தேடாமல் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்தால் பிடிக்கட்டும், ஸ்கேன் முடிந்துவிட்டது.

"கல்யாணத்துக்கு வரலைன்னு சொன்னாவளே" என்றார். "பிள்ளையப் போட்டுட்டுப் போயிட்டான்னுல்லா சொன்னாவ." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, எக்ஸ்சேஞ்ச் குரல் இல்லாத வேறொரு குரலில், "பாரு, நான் சின்னப் பிள்ளையில இருந்து இந்தப் படத்துக்கு அடியில உக்காந்துதான் சோறு திம்பேன். இதுல அம்மா எங்கன்னு எத்தனையோ நாள் தேடிருக்கேன். அப்ப எனக்கு நாப்பத்தேழு நாளு. அந்த வீட்டுப் பிள்ளைதான நான். நான் எங்கன்னு ஒரு நாளும் தேடலையே, ஏன்?" என்றார்.

பதிவேட்டை எடுத்தேன். நானூற்றுப் பதினேழுக்கு நேரே இருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்தில் குறுக்கே திருப்பி எழுத ஆரம்பித்தேன்: கண்ணாடிப் பக்கத்தில் சிவப்பு மை பூசி ஒரு பெண் உருவம் மறைக்கப்பட்டிருந்தது. முன் படம் எடுக்காமல், மண் என்று நினைத்து, அதை நான் துடைத்துவிட்டேன். முன் படம் எடுத்ததாகப் போட்டது பொய். இதே போல இன்னும் நாற்பத்திரண்டு. இசக்கியம்மாள். நடையில் பாக்கியநாதன் சார் யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டு வருவது கேட்டது. பேனாவை மூடப் போனேன்.

அக்கா என் தோளுக்கு மேலாகக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார். "ஒரு பெண் உருவம்னா யாரு?" என்றார்.

"பேர் தெரியலையே அக்கா."

"தங்கபுஷ்பம். அந்த வீட்டுல ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டாவ, நீ எழுது. தங்கபுஷ்பமும் அவ பிள்ளையும்."

உருவம் என்பதை அடித்துவிட்டு எழுதினேன். சாரின் செருப்புச் சத்தம் கதவுக்கு வெளியே நின்றது.

"பிள்ளைக்கு அப்பவே ஞானஸ்நானம் ஆயிட்டு" என்றார் ரோஸ்லின் அக்கா. "பேரு உண்டும். அதையும் எழுது."